அழியாத மை

ரூவியில் வெள்ளிக்கிழமை
ஒன்பது மணிக்கே மலை சுடத் தொடங்கிவிடும்.
ஆலய வளாகத்தின் ஏழாம் அறை
எங்களுக்கு ஒரு மணி நேரம்.
பதினொன்றுக்கு மலையாளக்காரர்கள்,
ஒன்றுக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள்,
இரவில் யாரென்று
நான்கு வருடமாகியும் எனக்குத் தெரியாது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து
மருந்துக்கடை வாடை போகாத கையோடு
பலகையில் எழுதினேன்:
தேவன் உன்னை எதற்காகப் படைத்தார்?
எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
கையில் இருந்தது அழியாத மை.

பதினோரு பிள்ளைகள்.
டெல்பின் 'டாக்டர்' என்று எழுதி
பக்கத்தில் சின்னதாய் 'அம்மா சொன்னது' என்று போட்டிருந்தாள்.
ஆஷிக் ஜெபா
இன்னும் எழுதாத நீட் தேர்வின் மதிப்பெண்ணை எழுதினான்.
இரட்டையரில் ஒருத்தி 'ஊழியம்' என்றாள்,
மற்றவள் அதைப் பார்த்து எழுதினாள்.

எஸ்ரோன் தாளைத் திருப்பி வைத்துவிட்டு
பர்ஸிலிருந்து குடியிருப்பு அட்டையை எடுத்தான்.
"கவர்மெண்டே சொல்லிட்டான் அக்கா.
குடும்பத்தோட சேர வந்தவன்.
அப்பாவுக்கு வேலை போனா
அதுவும் கேன்சல்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
உங்கள் அட்டையில் என்ன என்று
ஒருவரும் கேட்காததற்கு
உள்ளுக்குள் ஒரு ஸ்தோத்திரம்.

என்னிடம் அந்த வயதில்
யாரும் இதைக் கேட்டதில்லை.
ஏஜெண்ட் மட்டும் கேட்டான்,
மீதிப் பணம் எப்போது என்று.

ஜெபித்து அனுப்பிவிட்டு
பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்,
சானிடைசர், பிறகு என் துப்பட்டா.
எழுத்து பளபளத்ததே தவிர போகவில்லை.

வெளியே படிக்கட்டில்
மபேலா முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும்
ஞானசிகாமணி உட்கார்ந்திருந்தார்,
கம்பெனிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டு.
அவர் போன் எஸ்ரோன் கையில்.
கண்ணாடி விரிசலுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை,
மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரி,
மனைவி பெயர், வயது முப்பத்தெட்டு.
"வாசிச்சுச் சொல்லு மக்கா, அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா."

பையன் முதல் வரியைச் சத்தமாக வாசித்தான்.
இரண்டாவதை மெதுவாக.
மூன்றாவதில் நிறுத்தி
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.
தினம் அதற்கான மாத்திரைகளை
எண்ணிப் பொட்டலம் கட்டுகிறவள் நான்.
இருந்தும் படியிறங்கக் கால் வரவில்லை.

அவன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.
கீழ்ப்படிக்கு இறங்கி
அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.
"கட்டி நல்லதில்லைன்னு போட்டிருக்கு அண்ணே.
வைத்தியம் உண்டு. அதுக்கும் போட்டிருக்கு.
அக்காவுக்கு நெறயத் தெரியும், அக்கா வருவாங்க."
ஞானசிகாமணி தலையை ஆட்டினார்,
ஆட்டிக்கொண்டே இருந்தார்.
கார் நிறுத்தத்திலிருந்து அப்பா ஹாரன் அடித்தார்,
ஒன்று, இரண்டு.
எஸ்ரோன் எழவில்லை.
அப்புறம்தான் நான் இறங்கினேன்.

எல்லாம் முடிந்து
கேட்டருகே என்னிடம் சொன்னான்:
"அடுத்த வாரம் கிளாஸ்ல
இத உதாரணமாச் சொல்லிராதீங்க.
எனக்கு வயித்தக் கலக்கிருச்சு அக்கா.
இதுதான் என் நோக்கம்னா
எனக்கு வேண்டாம்."
சரி என்றேன்.
வேறு என்ன சொல்ல,
என்னிடம் இருந்தது ஒரு கேள்வியும் கொஞ்சம் தூக்கமும்.
அவன் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து
ஞானசிகாமணியின் நம்பரை என்னிடம் வாங்கிப் போனான்.

அடுத்த வெள்ளி
கேள்வி பலகையில் அப்படியே இருந்தது.
அதற்குக் கீழே யாரோ
எனக்குத் தெரியாத ஒரு மொழியில்
இரண்டு வரி எழுதியிருந்தார்கள்,
முதல் வரியை அடித்து, மறுபடி எழுதி.
அழிகிற மைதான். ஈரத்துணி போதும்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு
பிள்ளைகள் வரும்வரை நின்றேன்.